கடைசி ரீல் வராத வாரம்

அறுபதைத் தாண்டிய என் தோட்டத்துப் பிள்ளைகளே, மூன்று நாளாக நம் வாட்சாப் குழுவில் நீங்கள் போடுகிற சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். புத்தகம் உசத்தியா, படம் உசத்தியா? பத்தாங் பெர்ஜுந்தாய்க்காரர் புத்தகம் என்கிறார். பத்தாங் காலியில் இருக்கும் அம்மணி படம் என்கிறார். நடுவில் ஒருவர் எதைப் பற்றியும் கவலைப்படாமல் காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ அனுப்புகிறார். நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்குத் திறக்கிறேன், ஏனென்றால் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. இங்கே குவாலா சிலாங்கூரில் மத்தியானம் மூன்று மணிக்கே வானம் கறுத்து, இடி இடித்து, மின்சாரம் போய்விட்டது. போனது எப்போது என்று கேளுங்கள். பூப்பந்து இறுதி ஆட்டம், மூன்றாவது செட், பத்தொன்பதுக்குப் பத்தொன்பது! நம் பையன் சர்வீஸ் போடக் கையைத் தூக்குகிறான், டிவி கண்ணை மூடிக்கொண்டது. கைப்பேசியில் பார்க்கலாம் என்றால் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. மகன் பதறுகிறான். நான் பதறவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு இது பழக்கம். பதினொரு வயதில், இதே மாதிரி ஒரு மழைக் காலத்தில், பாதியில் நின்ற ஒரு கதைக்கு நானே முந்திக்கொண்டு முடிவு சொல்லப் போய், என் அக்காவின் வாழ்க்கையையே கவிழ்க்கப் பார்த்தேன்.

எங்கள் தோட்டம் அப்போது ரப்பர் பால்மரத் தோட்டம். அப்பா பால் வெட்டுக்காரர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அச்செழுத்தின் மேல் அவருக்கு இருந்த பக்தி சாமி மேல்கூட இருந்ததில்லை. வடை மடித்து வந்த தாளைக்கூடக் காலில் பட விடமாட்டார். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூரை இடுக்கில் செருகிவிடுவார். எங்கள் வீட்டுக் கூரையில் எண்ணெய்க் கறை படிந்த பழைய செய்திகள் எத்தனையோ இருந்தன. மழை ஒழுகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அம்மா சொல்லுவார்.

தினமும் சாயங்காலம் கடையிலிருந்து பேப்பரை இரவல் வாங்கி வந்து என் முன்னால் வைப்பார். "விளையாட்டுப் பக்கத்த மொதல்ல படி புள்ள. மத்ததெல்லாம் அப்பறம்." பூப்பந்து மட்டையை அவர் வாழ்நாளில் தொட்டதே இல்லை. ஆனால் எந்த ஆட்டக்காரருக்கு எந்த முட்டியில் வலி என்பதுவரை அவருக்குத் தெரியும். நான் படிக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் ஏதோ அவருக்கும் தெரிகிற மாதிரி.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது. டவுன் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்திருந்தாள். கோலாலம்பூரில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்துவிட்டது. கூடவே ஒரு சம்மதப் பாரம். அதில் தகப்பனார் ரேகை வைத்து, ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும். தவறினால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அப்பா அந்தப் பாரத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் ரேகை வைக்கவில்லை.

"பாக்கலாம்" என்றார்.

அவருக்குப் பயம், வேறொன்றுமில்லை. பட்டணத்துக்குப் போன பெண் பட்டணத்துக்காரியாகிவிடுவாள், திரும்பி வர மாட்டாள் என்ற பயம். அம்மா இரண்டு முறை கேட்டுப் பார்த்து விட்டுவிட்டார். அக்கா மூன்றாவது முறை கேட்கவே இல்லை. அவள் புத்திசாலி, வேறு வழி பார்த்தாள்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை எங்கள் திடலில் படம் போடுவார்கள் இல்லையா? வேனில் ஜெனரேட்டரும் மெஷினும் ஏற்றிக்கொண்டு படக்காரர் வருவார். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். பத்தாங் காலிப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அக்காவின் தோழி ஒருத்தி, அங்கே போட்ட ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஏழைத் தகப்பன், ஒரே மகள், அவள் பட்டணம் போய்த் தாதியாகிறாள். "கடைசியில வெள்ளை உடுப்போட ஊருக்கு வருவா பாரு, ஊரே மாலையோட நிக்கும். அழுகைய அடக்க முடியாதுடி" என்றாளாம். அக்கா அடுத்த நாளே போய்ப் படக்காரரைப் பிடித்து, அடுத்த மாதம் அந்தப் படத்தைத்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டாள். அப்பா படம் பார்ப்பார், அழுவார், அந்த ஈரம் காய்வதற்குள் பாரத்தை நீட்டிவிட வேண்டும். இதுதான் திட்டம்.

இந்தத் திட்டம் அம்மாவுக்குத் தெரியும். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. என் வாய் அப்படிப்பட்டது.

என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஒன்றை அவளுக்குச் சொல்லியிருப்பேன். அந்தப் படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. நாவல் என் பையில்தான் இருந்தது. அட்டை கிழிந்து, கரப்பான் வாடையோடு, பள்ளிக்கூட அலமாரியில் கிடந்ததை வாத்தியார் எனக்குக் கொடுத்திருந்தார். "படம் வர்றதுக்குள்ள படிச்சி முடி. அப்பத்தான் நீ படிச்சவ" என்றார். சனிக்கிழமை மத்தியானம் முடித்துவிட்டேன். தோட்டத்திலேயே அந்தக் கதை தெரிந்த ஒரே ஆள் நான்! அன்று சாயங்காலம் திடலுக்கு நான் நடந்துபோன நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தோட்டத்து மேனேஜர்கூட அப்படி நடந்ததில்லை.

படம் ஓடியது. நல்ல படம்தான். மகள் பட்டணத்துக்கு வந்து, பெரிய தாதியிடம் திட்டு வாங்கி, ஆஸ்பத்திரி வாசலில் கொட்டும் மழையில் தனியாக நிற்கிறாள். அப்போது எங்கள் தலையிலும் தூறல் விழுந்தது. திரையிலும் மழை, திடலிலும் மழை. எது எந்த மழை என்று புரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு வந்தது பாருங்கள் காற்று! துணி பாய்மரம் மாதிரி உப்பியது. கதாநாயகியின் மூக்கு எங்களை நோக்கி வீங்கிக்கொண்டே வந்தது, பிள்ளைகள் அலறினார்கள், ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து, துணி பறந்துபோய், கணக்கெழுதும் கிராணி வீட்டுச் செம்பருத்தி வேலியில் சுருண்டுகொண்டது. பாயைச் சுருட்டியவர் பாயோடும், பிள்ளையைத் தூக்கியவர் பிள்ளையோடும், பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்கு ஓடினோம். ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அங்கே போய்த்தான் முகத்தைப் பார்த்தார்.

கொட்டகைக்குள் ஈரத் துணி வாடையும் கச்சான் கடலை வாடையும். படக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "இன்னும் ஒரு ரீலுதான் பாக்கி. ஆத்துத் தண்ணி ரோட்டுக்கு ஏறுது, நான் கெளம்பிட்டேன் லா. மன்னிச்சிக்குங்க."

"முடிவச் சொல்லிட்டுப் போய்யா!" என்று ஒரே சத்தம்.

"அட, எனக்கு எப்பிடித் தெரியும்? கடைசி ரீலு ஓடும்போதுதான் நான் மத்த ரீல எல்லாம் சுத்தி டின்னுல போடுவேன். எந்தப் படத்தோட முடிவும் நான் பாத்ததில்ல!"

எவ்வளவு பெரிய ஏமாற்றம்! இருநூறு பேர் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்! நான் புத்தகம் படிச்சிட்டேன்!"

என்னைத் தூக்கி ஒரு பெஞ்சியின் மேல் நிறுத்தினார்கள். நான் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, கையைக் காலை ஆட்டி, குரலை மாற்றிச் சொன்னேன். மகள் பட்டணத்தில் பெரிய ஆளாகிவிடுகிறாள். கடிதம் மாதம் ஒன்றாகி, வருஷம் ஒன்றாகி, நின்றே போகிறது. தகப்பன் தினமும் ரயில் நிலையத்துக்குப் போய் விளக்குக் கம்பத்தின் கீழே நிற்கிறார். தலை நரைக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர்கள் மாறுகிறார்கள். அவள் வரவேயில்லை. முற்றும். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் என் தலையைத் தடவி, "வக்கீலா வருவா" என்றார். நான் பெருமையோடு அப்பாவைத் தேடினேன். அவர் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பாரத்தை எடுத்துக் கூரை இடுக்கில் செருகிவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் அக்கா உடைந்து அழுதாள். அழுதுகொண்டே எல்லாத் திட்டத்தையும் என்னிடம் சொன்னாள். "ஒரே ஒரு நாளு, ஒன் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?" என்றாள். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூப்பந்து இறுதி ஆட்டம், வானொலியில் மலாய் வர்ணனை. முதல் செட் போய்விட்டது. இரண்டாவதில் நம் ஆள் மூன்று, எதிராளி பத்து. டமார் என்று ஓர் இடி, வானொலி ஊமையாகிவிட்டது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சிச்சு, தோத்துட்டான்" என்று எழுந்தார். மழையில் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் போய் எல்லாரிடமும் துக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை பேப்பர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில்தான், நனைந்து கூழாகி, இரண்டு நாள் பேப்பரும் சேர்ந்து வந்தது. மெதுவாகப் பிரித்தேன். கத்திவிட்டேன். "அப்பா! ஜெயிச்சிட்டோம்பா! ரெண்டாவது செட்ட புடிச்சி, மூணாவதும் நம்ம ஆளுதான்!"

"எங்க? எங்க காட்டு!" அப்பா ஓடிவந்தார். நான் தொட்டுக் காட்டிய வரியின் மேல் தன் விரலை வைத்தார், கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தைப் பார்த்தார், அம்மாவை அழைத்துக் காட்டினார், அடுப்படியில் சின்னதாக ஒரு ஆட்டமே ஆடிவிட்டார். இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களாப்பா, பாதியில நின்னத வச்சி நீங்க தப்பா சொல்லிட்டீங்க. படமும் அப்பிடித்தான். கடைசி ரீலுல அவ திரும்பி வருவாளாம். அக்காவோட கூட்டாளி பாத்துருக்கா."

அப்பா ஆட்டத்தை நிறுத்தினார். "ரேடியோ சத்தம், போயிருச்சி. படம் நெழலு, அதுவும் போயிருச்சி. பேப்பர்ல அச்சா வந்துச்சி, அதான் நெசம். ஒன் புத்தகமும் அச்சுதானே?"

நாடே ஜெயித்தும் என் அக்கா தோற்றுவிட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன். "நான் அவசரமா படிச்சேன்பா. கடைசிப் பக்கத்த சரியா படிக்கல."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப புத்தகத்தக் கொண்டா. மொதல்லேருந்து படி."

மழை விடவில்லை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அப்பா வீட்டிலேயே இருந்தார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மத்தியானத்தில் நான் படித்தேன், அவர் கேட்டார். தகரக் கூரையில் மழை இரைந்தால் கத்திப் படித்தேன். தொண்டை கட்டிக்கொண்டது, அம்மா இஞ்சித் தண்ணீர் கொடுத்தார். பள்ளிக்கூடத்திலும் தண்ணீர், அதனால் அந்தத் தொந்தரவும் இல்லை. அக்கா மட்டும் பக்கத்தில் வரவில்லை. உள்ளே உட்கார்ந்து, மடித்த துணிகளையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: மின்சாரம் இன்னும் வரவில்லை. மகன் காருக்குள் போய் உட்கார்ந்து வானொலி கேட்கிறான். போகட்டும்.

வியாழக்கிழமை கடைசி அத்தியாயம். மகள் பட்டணத்தில் பெரிய ஆளான இடம்வரை ஓர் எழுத்து மாற்றாமல் படித்தேன். பிறகு அந்தப் பக்கம் வந்துவிட்டது. விளக்குக் கம்பம். நரைத்த தலை. தாளில் எழுத்து ஒன்று சொன்னது, நான் வேறொன்றைப் படித்தேன்.

ரயில் வந்து நின்றது என்று படித்தேன். வெள்ளை உடுப்போடு மகள் இறங்கினாள் என்று படித்தேன். தகப்பனைப் பார்த்ததும் ஓடிவந்து, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். அடுப்பில் அம்மாவின் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆகவே கதையிலும் கருவாட்டுக் குழம்பு. மகள் பரிமாறினாள், தகப்பன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு இருமல் இருந்தது, அவள் மருந்து கொடுத்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டாள். எனக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். கோழி குஞ்சு பொரித்தது. உள்ளே துணி மடிக்கிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது. கடைசியில் மூச்சு வாங்கி, "முற்றும்" என்று சொல்லிப் புத்தகத்தைப் பட்டென்று மூடினேன்.

அப்பா புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாரத்தக் கொண்டா" என்றார்.

என் பள்ளிக்கூட மையைத்தான் அவர் பெருவிரலில் தடவினோம். நான்தான் பாரத்தைப் பிடித்துக்கொண்டேன். கெடு நாளான வெள்ளிக்கிழமை காலை, ரோட்டில் முழங்கால் தண்ணீர். அப்பா பாரத்தை மெழுகுத் தாளில் சுற்றி, தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, பத்தாங் பெர்ஜுந்தாய் தபாலாபீசுக்கு நடந்தே போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். அன்று நானும் அக்காவும் மழையில் குதித்த குதியில் அம்மாவிடம் ஆளுக்கு இரண்டு அடி வாங்கினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினொரு வயதில் ஒரு நாவலையே மாற்றி எழுதி, அப்பாவையே ஏமாற்றிவிட்டேன் என்ற கர்வம் வேறு!

அக்கா கோலாலம்பூர் போனாள். அடுத்த மாதம், வெள்ளம் வடிந்த பிறகு, படக்காரர் மறக்காமல் கடைசி ரீலை மட்டும் கொண்டுவந்தார். கால் மணி நேரப் படத்துக்கு முழுத் தோட்டமும் பாயோடு வந்து உட்கார்ந்தது. கிராணி வீட்டுச் செம்பருத்தி கிழித்த இடத்தில் துணிக்குத் தையல் போட்டிருந்தார்கள். நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மகள் வெள்ளை உடுப்போடு வந்தாள். ஊரே மாலையோடு நின்றது. அக்காவின் தோழி பொய் சொல்லவில்லை. ஆனால் மாலை எல்லாம் பாடையில் கிடந்த தகப்பனுக்கு. மகள் விழுந்து அழுதாள், ஒரு பாட்டுப் பாடினாள், முடிந்தது.

அக்கா எதை நம்பி இந்தப் படத்தைக் கேட்டு வாங்கினாள்! அன்றே இந்த ரீலும் ஓடியிருந்தால் அப்பா பாரத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். அப்பா பாயைச் சுருட்டினார். நானும் அவரும் லயத்தைப் பார்த்து நடந்தோம். பாதி தூரம் போனதும் அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"புத்தகத்துல தகப்பன கம்பத்துக் கீழ நிக்க வச்சே கொன்னுட்டான். படத்துல பாடையில படுக்க வச்சிட்டான். நீ படிச்சதுலதான் அவன் ஒக்காந்து ரெண்டு வாட்டி சோறு தின்னான்."

நான் நின்றுவிட்டேன். "அப்பா…"

"தெனமும் ஒன் பக்கத்துல ஒக்காந்து தாளத்தானே பாக்குறேன். நீ எவ்வளவு படிச்சா பக்கத்த எப்பத் திருப்புவேன்னு எனக்குத் தெரியாதா? கோழி குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நீ பக்கத்தத் திருப்பவே இல்லையே ஆத்தா."

படிக்கத் தெரியாதவர் என்று அவரை இத்தனை நாள் நினைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. "அப்பறம் ஏம்பா ரேகை வச்சீங்க?"

அவர் பாயை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"பொய் சொல்லத் தெரியாத கழுத நீ. அக்காளுக்காக அவ்வளவு நேரம் மூச்சு வாங்கிப் பொய் சொன்ன. இப்பிடி ஒரு தங்கச்சிய விட்டுட்டு அவ எங்க போயிருவா? திரும்பி வந்துதானே ஆவணும்?"

அடுத்த சனிக்கிழமை அக்காவுக்கு முதல் லீவு. மூன்று மணி பஸ்ஸுக்கு அப்பா ஒரு மணிக்கே போய் நின்றார். அவள் இறங்கியதும் முதலில் கேட்டது, "சாப்பிட்டீங்களாப்பா?"